கனத்த கருவிகளுடன் பாண்டேஜ்: நண்பர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

வயது வந்த நண்பர்கள் மனமொத்துச் செய்யும் பாண்டேஜ் (bondage), அதாவது ஒருவரை மற்றவர் கட்டிவைக்கும் விளையாட்டு, பருத்திக் கயிற்றைக் கடந்து தோல் வார், எஃகு விலங்கு, ஸ்ட்ரெயிட் ஜாக்கெட் போன்ற கனத்த கருவிகளுக்குப் போகும்போது எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. உடல் பாதுகாப்பு, சம்மதம், சட்டம் ஆகிய மூன்றைப் பற்றியே பேசுகிறோம். 18 வயது நிரம்பாத எவருக்கும் இதில் எந்த வகையிலும் இடமில்லை, பார்வையாளராகக்கூட இல்லை.

கனத்த கருவிகள் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

கைகளை மார்பின் குறுக்கே மடக்கி முதுகுப் புறத்தில் வார்களால் இழுத்துப் பூட்டும் ஸ்ட்ரெயிட் ஜாக்கெட், கழுத்திலிருந்து பாதம்வரை மூடும் தோல் உறை, மருத்துவமனைக் கட்டிலோடு நோயாளியைப் பிணைக்கும் செகுஃபிக்ஸ் வகைப் பட்டைகள், விரல்களை முட்டியாக மடக்கிப் பூட்டும் தோல் கையுறை, தலையுறை, கைவிலங்கு, கால் விலங்கு ஆகியவற்றை. உள்ளே இருப்பவர் எவ்வளவு முயன்றாலும் தாமாக வெளியே வர முடியாது என்பதுதான் இவை அனைத்துக்கும் பொதுவான இயல்பு. கயிறு நெகிழும், நழுவும், கடைசியில் கத்தரிக்கோலுக்காவது பணியும். தடித்த தோலும் எஃகும் அப்படிப் பணிவதில்லை. ஆகவே, கட்டுண்டவரை எத்தனை விநாடிகளில் முழுமையாக விடுவிக்க முடியும் என்பதைத்தான் எந்தக் கருவியைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டும். அதன் அழகும் கனமும் விலையும் அதற்குப் பிறகுதான்.

இவற்றில் பல, சிறைக்கும் மனநல மருத்துவமனைக்கும் என்று செய்யப்பட்டவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நகரங்களில் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களிடையே வளர்ந்த தோலாடை மன்றங்கள் இவற்றை விளையாட்டுக்குள் கொண்டுவந்தன. நியூயார்க்கில் 1971-இல் தொடங்கிய யூலன்ஸ்பீகல் சொசைட்டியும், சான் ஃபிரான்சிஸ்கோவில் 1974-இல் தொடங்கிய சொசைட்டி ஆஃப் ஜேனஸும் இக்கலையை வகுப்பெடுத்துக் கற்றுத்தரும் வழக்கத்தை வளர்த்தன. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபால்சம் தெருவில் 1984 முதல் தோலாடை ஆர்வலர்களின் திறந்தவெளித் திருவிழா நடக்கிறது. சிகாகோவில் 1991-இல் தொடங்கிய ஆவணக் காப்பகமும் அருங்காட்சியகமும் அந்த வரலாற்றைச் சேகரித்து வைத்திருக்கின்றன. இருட்டறையில் எவரோ ஒருவர் நேற்றுக் கண்டுபிடித்த பழக்கம் அல்ல இது. இங்கே எழுதியிருக்கும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை அந்த வகுப்புகளிலும் மருத்துவமனை வார்டுகளிலும் உடல்கள் பட்ட பாட்டிலிருந்து திரண்டவை.

நண்பர்களுக்குள் செய்வதென்றால் அதில் பாலுறவும் இருந்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. அசைய முடியாத நிலையில் மனம் அடங்குவதையும், எதையும் முடிவு செய்ய வேண்டாத ஒரு மணி நேரத்தையும் தேடி வருகிறவர்கள் உண்டு. பூட்டுகளிலிருந்து தப்பிக்க முயலும் சவாலுக்காகவே வருகிறவர்களும் உண்டு. எது எவருக்கு என்பதைத் தொடங்கும் முன்பே வெளிப்படையாகப் பேசிவிடுவது கட்டாயம். ஒருவர் விளையாட்டு என்றும் மற்றவர் காதலின் தொடக்கம் என்றும் நினைத்துக்கொண்டு ஒரே அறைக்குள் நுழைந்தால், வார்கள் அவிழ்ந்த பிறகு நட்பு மிஞ்சுவது அரிது.

இந்த விருப்பம் ஒரு மனநோயா?

இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேடு, வழக்கத்துக்கு மாறான விருப்பத்தையும் நோயையும் தனித்தனியாகப் பிரித்தது. விருப்பம் அவருக்கே துன்பமாகவோ, சம்மதிக்காத இன்னொருவருக்குத் தீங்காகவோ மாறினால் மட்டுமே அது நோய். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைப்படுத்திய பதினோராம் நோய் வகைப்பாட்டிலும் மனமொத்தவர்களுக்கு இடையிலான இத்தகைய செயல்கள் நோயாகக் கருதப்படுவதில்லை. டென்மார்க் 1995-இலும் ஸ்வீடன் 2009-இலும் தங்கள் பட்டியல்களிலிருந்து இதை முன்னதாகவே நீக்கிவிட்டன.

நெருங்கிய நண்பர்தானே, சம்மதத்தைத் தனியாகக் கேட்க வேண்டுமா?

நெருக்கம் அதிகமாக இருக்கும் இடத்தில்தான் கூடுதலாகக் கேட்க வேண்டும். அறிமுகமில்லாதவரிடம் "முடியாது" என்று சொல்வது எளிது. பத்தாண்டு நண்பரிடம், அதுவும் நான்கு பேர் சூழ்ந்திருக்க, "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்வதற்கு நம்மில் பலர் கூச்சப்படுவோம். குழுவில் வயதில் மூத்தவர், வாடகை வீட்டுக்குப் பொறுப்பானவர், கடன் கொடுத்திருப்பவர், வேலை வாங்கித் தந்தவர் என்று எவரேனும் இருந்தால் அவருடைய வாய்ச்சொல்லுக்குத் தனி எடை இருக்கும். அந்த எடையை அவர்தான் முதலில் உணர்ந்து விலக்கி வைக்க வேண்டும். "தம்பி ஒத்துக்கொண்டான்" என்பது, அந்தத் தம்பி மறுத்திருந்தால் எதையும் இழந்திருக்க மாட்டார் என்ற நிலையில்தான் சம்மதமாகும்.

எந்தக் கருவி, எந்த நிலை, எவ்வளவு நேரம், யார் யார் அறையில் இருப்பார்கள், தொடுதல் எதுவரை, படம் எடுக்கலாமா என்பனவற்றை முதல் நாளே, கட்டும் எண்ணம் இல்லாத ஒரு வேளையில், எழுதிக்கொள்வது நல்லது. எழுதியதில் இல்லாத எதையும் கட்டுண்ட பிறகு சேர்க்கக் கூடாது. அந்த நேரத்தில் கட்டுண்டவரே உற்சாகத்தில் கேட்டாலும் அடுத்த முறைக்கு ஒத்திவைப்பதே சரி. புதிதாக ஒருவரை அறைக்குள் அழைப்பதும் இதில் அடங்கும். மது அருந்தியவரையோ போதையில் இருப்பவரையோ கட்டக் கூடாது; கட்டுபவருக்கும் அதே விதி.

கொடுத்த சம்மதத்தை எந்த நொடியிலும் திரும்பப் பெறலாம். நினைவிழந்திருக்கும் ஒருவரின் சம்மதம் முன்கூட்டியே பெறப்பட்டிருந்தாலும் செல்லாது என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2011-இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அது பாலியல் செயல் பற்றிய தீர்ப்புதான். என்றாலும் கட்டுபவர் எவரும் தம் மனத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய விதி அது.

படங்களைப் பற்றி ஒரு சொல். கட்டுண்டவர் தம் முகத்தை மறைக்கவோ கைபேசியைப் பறிக்கவோ முடியாத நிலையில் இருக்கிறார். அவர் கட்டுக்குள் செல்லும் முன் எல்லாருடைய கைபேசியும் அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். கட்டுபவரின் ஒன்று மட்டும், அவசர அழைப்புக்காக, இங்கே இருக்கட்டும்.

வாய் அடைக்கப்பட்டிருக்கும்போது நிறுத்தச் சொல்லை எப்படிச் சொல்வது?

பேச முடிகிறவர்களிடம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற மூன்று சொற்கள் எங்கும் வழக்கத்தில் இருக்கின்றன. மஞ்சள் என்றால் தளர்த்திவிட்டு விசாரிக்க வேண்டும். சிவப்பு என்றால் ஏன் என்று கேட்காமல் அவிழ்க்கத் தொடங்க வேண்டும். பேச முடியாதவர் கையில் ஒரு சிறு மணியையோ பந்தையோ கொடுத்துவிட்டு, அது கீழே விழுந்தால் சிவப்பு என்று வைத்துக்கொள்வார்கள். தோல் கையுறைக்குள் விரல்கள் மடங்கிக் கிடக்கும்போது அதுவும் முடியாது. மூன்று முறை விட்டுவிட்டு முனகுவது, காலைத் தரையில் மூன்று முறை தட்டுவது என்று வேறொன்றை ஒப்புக்கொண்டு, கட்டிய உடனே ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

ஆனால் இந்த ஏற்பாடுகள் எல்லாம் கட்டுண்டவர் நினைவோடு இருக்கும்வரைதான். மயங்கியவர் பந்தைக் கீழே போடாமல் இறுகப் பிடித்தபடியே கிடக்கலாம். வேறு சிலர் ஆழ்ந்த அமைதிக்குள் போய், வலியையே வலியாக உணராமல் இருப்பார்கள். ஆகவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை கட்டுபவர் விரலை அழுத்தியோ பெயரைச் சொல்லியோ கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் அதையே சிவப்பாகக் கொள்ள வேண்டும்.

எவ்வளவு இறுக்கலாம்?

வாருக்கும் தோலுக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது இரத்த ஓட்டத்துக்கு ஓரளவு போதுமான அளவுகோல், நரம்புக்குப் போதாது. நிறம் மாறுவதும் கை குளிர்வதும் கண்ணுக்குத் தெரியும். தளர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நரம்பு நசுங்குவது வெளியே தெரியாது. சில சமயம் வலிக்கக்கூடச் செய்யாது.

மூன்று இடங்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். மேற்கையின் பின்புறத்தில் எலும்பை ஒட்டிச் சுற்றிவரும் ஆர நரம்பு முதலாவது. அங்கே ஓர் அகலமான வார் நெடுநேரம் அழுத்தினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிப்போகும். குடித்துவிட்டு நாற்காலி முதுகில் கையைத் தொங்கவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு வரும் 'சனிக்கிழமை இரவு வாதம்' இதுதான். இரண்டாவது, முழங்கையின் உட்புறத்தில் தட்டினால் சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல் இருக்குமே, அந்த நரம்பு; ஸ்ட்ரெயிட் ஜாக்கெட்டில் முழங்கைகள் நன்றாக மடங்கியே இருப்பதால் இது இழுபட்டு, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். மூன்றாவது, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்தில் எலும்பின் தலையை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே ஓடும் நரம்பு. கால் வாரை அங்கே போட்டால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகும். வாரை ஒரு சாண் கீழே இறக்கிக் கெண்டைக்கால் சதையின்மேல் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

சோதிப்பது எளிது. கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்ல வேண்டும். விரல்களை அகல விரிக்கச் சொல்ல வேண்டும். மணிக்கட்டைப் பின்னோக்கி மடக்கச் சொல்ல வேண்டும். கால் பெருவிரலை முகத்தை நோக்கி இழுக்கச் சொல்ல வேண்டும். ஏதேனும் ஒன்றில் வலு குறைந்திருந்தால் உடனே அவிழ்க்க வேண்டும், தளர்த்தினால் போதாது. பூட்டிய தோல் கையுறைக்குள் இவற்றில் முதல் இரண்டையும் பார்க்க முடியாது என்பதால், கையுறையும் நெடுநேரக் கட்டும் சேர்ந்து வரக் கூடாது என்பது என் கருத்து. லேசாக நசுங்கிய நரம்பு சில நாட்களிலோ வாரங்களிலோ மீண்டுவிடும். உள்ளிழை அறுபட்டிருந்தால் அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். மேற்கையிலிருந்து விரல்வரை அது வளர்ந்து சேர எத்தனை மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கைவிலங்கு, பூட்டு, சாவி பற்றிச் சொல்லுங்கள்.

பொம்மைக் கடையில் கிடைக்கும் மெல்லிய தகட்டு விலங்குதான் இருப்பதிலேயே ஆபத்தானது. அதில் இரட்டைப் பூட்டு கிடையாது. மேலே சாய்ந்தாலோ திமிறினாலோ பல் சக்கரம் ஒவ்வொரு பல்லாக முன்னேறி மணிக்கட்டை இறுக்கிக்கொண்டே போகும். காவல்துறைக்குச் செய்யப்படும் அமெரிக்கப் பியர்லெஸ் வகை விலங்கில், சாவியின் தலைப்பில் இருக்கும் சிறு முனையால் சட்டத்தின் ஓரத்திலுள்ள துளையை அழுத்தினால் உள்ளே ஒரு தண்டு விழுந்து பல் சக்கரம் அப்படியே நின்றுவிடும். அதன்பின் அது இறுகவும் செய்யாது, நெகிழவும் செய்யாது. திறக்கும்போது சாவியை முதலில் ஒரு பக்கம் திருப்பி அந்தத் தண்டை விடுவித்து, பிறகு மறுபக்கம் திருப்ப வேண்டும். பதற்றத்தில் முதல் திருப்பத்தை மறந்து சாவியை முறிக்கிறவர்கள் உண்டு. ஆகையால் எவர் கையிலும் மாட்டாமல் வெறும் விலங்கைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி திறக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

எஃகு, எலும்பின்மேல் உட்காருவதால் கைவிலங்கு எவ்வளவு நன்றாக மாட்டியிருந்தாலும் கட்டைவிரலின் பின்புறம் மரத்துப்போகலாம். விலங்கின் மேல் உடல் எடை ஒருபோதும் விழக் கூடாது: கைகளைப் பின்னால் விலங்கிட்டு மல்லாந்து படுக்கவைப்பதும் கூடாது, விலங்கைப் பிடித்து இழுப்பதும் கூடாது.

பல பூட்டுகள் பயன்படுத்துவதென்றால் ஒரே சாவியில் திறக்கும் தொகுதியாகவே வாங்க வேண்டும். எட்டுப் பூட்டுக்கு எட்டுச் சாவி என்பது, அவசரத்தில் எந்தச் சாவி எதற்கு என்று தேடிக்கொண்டிருப்பதில்தான் போய் முடியும். ஒரு சாவி கட்டுபவரின் கழுத்தில் இருக்கட்டும். இன்னொன்று சுவரில் கண்ணுக்குத் தெரியும் ஆணியில். செகுஃபிக்ஸ் வகைப் பட்டைகளின் பூட்டில் சாவித்துளையே கிடையாது. குமிழின்மேல் ஒரு காந்தத்தை வைத்தால்தான் அது விடும். அந்தக் காந்தம் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டால் பட்டையை வெட்டுவதைத் தவிர வழியில்லை என்பதால் இரண்டு காந்தம் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

எந்த நிலைகளில் மூச்சுக்கு ஆபத்து?

இந்தக் கேள்விக்கான பதிலை மட்டுமாவது இரண்டு முறை படிக்க வேண்டுகிறேன். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் கூரண்ட் நாளிதழ் 1998-இல், மனநல நிலையங்களில் கட்டிவைத்ததாலும் தனிமைப்படுத்தியதாலும் பத்தாண்டுகளில் நேர்ந்த 142 மரணங்களைத் தேடி எடுத்து வெளியிட்டது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் சுற்றி இருந்த கட்டடங்களில் நடந்தவை அவை. மூச்சுத் திணறல் அவற்றின் முக்கியக் காரணங்களுள் ஒன்று.

குப்புறப் படுக்கவைத்து, கைகளையும் கால்களையும் பின்னால் சேர்த்துக் கட்டும் நிலையில் வயிறும் மார்பும் உடல் எடையின்கீழ் நசுங்குவதால் நுரையீரல் முழுமையாக விரியாது. முதுகின்மேல் இன்னொருவர் உட்கார்ந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். "மூச்சு முட்டுகிறது" என்று பேச முடிகிறது என்பதாலேயே மூச்சு போதுமான அளவு கிடைக்கிறது என்று பொருளல்ல.

நின்ற நிலையில் தூணோடு சேர்த்துக் கட்டுவது பார்வைக்குச் சாதுவாகத் தெரியும். அசையாமல் நிற்கும்போது கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளாததால் அது காலிலேயே தேங்கி, தலை சுற்றி மயக்கம் வரும். மயங்கியவர் தரையில் விழுந்தால் மூளைக்கு இரத்தம் மீளும். கட்டு அவரை நிமிர்த்தியே வைத்திருந்தால் மீளாது. கழுத்தில் ஏதாவது கட்டியிருந்தால் அத்தோடு முடிந்தது. கழுத்து வளையத்தை எந்தக் காரணத்துக்காகவும் அசையாத ஒரு பொருளோடு பிணைக்கக் கூடாது.

ஸ்ட்ரெயிட் ஜாக்கெட்டில் மார்பின் குறுக்கே மடிந்திருக்கும் கைகளே மார்பை அழுத்தும். எனவே முதுகு வார்களைப் பூட்டும்போது கட்டுண்டவரை ஆழ்ந்து மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்லி, அந்த அளவில்தான் துளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கால்களுக்கு இடையே போகும் வாரைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால், ஆள் சரியும்போது ஜாக்கெட் மேலேறிக் கழுத்துப் பட்டை தாடைக்கு அடியில் போய் அழுத்தும். கட்டில் பட்டைகளிலும் இதே கதைதான். பக்கவாட்டு வார்களை விட்டுவிட்டு இடுப்புப் பட்டையை மட்டும் போட்டதால், நோயாளி கட்டில் விளிம்பிலிருந்து சரிந்து பட்டையில் தொங்கி இறந்த நிகழ்வுகள் ஜெர்மனியின் தடயவியல் ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. கருவியோடு எல்லா வார்களும் வருகின்றன என்றால் எல்லாவற்றையும் போட வேண்டும்.

வாயடைப்பு இருக்கும்போது மூக்கு மட்டுமே வழி. சளி, ஒவ்வாமை, மூக்கடைப்பு உள்ள நாளில் வேண்டவே வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டவருக்கும் வேண்டாம். வாந்தி வந்தால் அது வெளியேற இடமில்லாமல் மூச்சுக்குழலுக்குள் போகும். காற்றடித்து வாய்க்குள் உப்பும் வகையை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வாயடைப்பும் தலையுறையும் சேர்ந்திருந்தால் முகம் தெரியாது, உதட்டின் நிறம் தெரியாது. கட்டுபவர் கையெட்டும் தூரத்தைவிட்டு ஓர் அடிகூட நகரக் கூடாது.

சென்னை வெயிலில் தோல் உறையைப் பயன்படுத்தலாமா?

பெர்லினின் நிலவறைக் கூடங்களுக்கு ஏற்பத் தைத்த உறை, மே மாதத்து வேளச்சேரி அடுக்ககத்தில் என்ன செய்யும் என்பதை அதைத் தைத்தவர் யோசித்திருக்க மாட்டார். தோலும் ரப்பரும் வியர்வையை ஆவியாக விடாததால் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் ஒரே பெரிய வழி அடைபடுகிறது. குளிர்சாதன அறை, முன்னும் பின்னும் தண்ணீர், குறைந்த நேரம் என்று வைத்துக்கொண்டால் செய்யலாம். கட்டுண்டவரின் பேச்சு குழறினாலோ, குமட்டல் என்றாலோ, வியர்த்துக்கொண்டிருந்தவருக்கு வியர்வை திடீரென்று நின்றாலோ உறையைத் திறந்து உடலை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். மின்சாரம் போனால் விளையாட்டும் முடிந்தது.

எவ்வளவு நேரம் கட்டி வைக்கலாம்?

முதல் சில முறைகளுக்கு அரை மணி நேரம் தாராளம். அதற்குமேல் போவதென்றால் நிலையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; அசையாத காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து நீண்ட விமானப் பயணத்தில் இருப்பதுபோல் இங்கும் இருக்கிறது. அமெரிக்க மருத்துவமனை விதிகளின்படி, ஆவேசமாக இருக்கும் வயது வந்த நோயாளியைக் கட்டிவைக்கும் ஓர் ஆணை 4 மணி நேரத்துக்குத்தான் செல்லும். கட்டிய 1 மணி நேரத்துக்குள் தகுதி பெற்ற ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். செவிலியர்கள் சுற்றியிருக்கும் இடத்திலேயே இவ்வளவுதான் என்னும்போது, இரவு முழுக்கக் கட்டுண்டு தூங்கப் போவதாகப் பெருமை பேசுகிறவர்களை நான் பின்பற்றச் சொல்ல மாட்டேன். கட்டுபவரும் தூங்கிப்போவார் என்பதே அதிலுள்ள முதல் ஆபத்து.

தனியாகச் செய்து பார்க்கலாமா?

கனத்த கருவிகளோடு கூடாது. நேரப் பூட்டு, பனிக்கட்டிக்குள் உறையவைத்த சாவி என்று எவ்வளவோ சொல்வார்கள். அவை சாவி எப்போது கிடைக்கும் என்பதற்கு மட்டுமே விடை. மயக்கத்துக்கும் வாந்திக்கும் தசைப்பிடிப்புக்கும் அவற்றிடம் விடை இல்லை. "நண்பர் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார்" என்பதும் தனியாக இருப்பதுதான்.

தீப்பிடித்தால்?

பூட்டிய சங்கிலியும் தீயும் சேர்ந்தால் என்னவாகும் என்று தமிழ்நாட்டில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அவர்கள் எவரும் மனமொத்துக் கட்டுண்டவர்கள் அல்லர். அவர்களுடைய துயரத்தை ஒரு விளையாட்டோடு ஒப்பிடுவது என் நோக்கமும் அன்று. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்திருப்பதற்குப் பின்னால் அந்த நாள் இருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் அறையைப் பாருங்கள்.

மெழுகுவர்த்தி வேண்டாம். கதவை வெளியிலிருந்து திறக்க முடியாதபடி தாழிட வேண்டாம். சங்கிலி பயன்படுத்தினால் அதை வெட்டும் அளவுள்ள போல்ட் கட்டர் அறைக்குள் இருக்க வேண்டும். பட்டைகளுக்கு ஆம்புலன்ஸில் பயன்படுத்தும் மழுங்கிய நுனிக் கத்தரிக்கோல் போதும், ஆனால் தடித்த தோலை அது லேசில் வெட்டாது. எடை தொங்கும் இணைப்புகளில் மலையேறுபவர்களின் கொக்கியை மாட்டினால், இழுவிசை இருக்கும்வரை அதைத் திறக்க முடியாது. குதிரைகளைக் கட்டப் பயன்படுத்தும் அவசரக் கொக்கி, இழுவிசையோடு இருக்கும்போதும் ஒரே இழுப்பில் விடும். எல்லாம் வாங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டுக் கைபேசி வெளிச்சத்தில் ஒருமுறை கட்டி அவிழ்த்து, கடிகாரத்தில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் ஆள் எழுந்து கதவுவரை நடக்க முடியவில்லை என்றால் கருவியைக் குறைக்க வேண்டும்.

யார் தவிர்க்க வேண்டும்?

வலிப்பு நோய், இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா உள்ளவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள். இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கமும் குழப்பமும் விளையாட்டின் பரவசம்போலவே வெளியே தெரியும் என்பதைக் கட்டுபவர் அறிந்திருக்க வேண்டும். தோள் மூட்டு ஒருமுறை நழுவியவர்களுக்குக் கைகளைப் பின்னால் இழுக்கும் எதுவும் ஆகாது. மூடிய இடத்தைக் கண்டு அஞ்சுபவர்களும், முன்பு வன்முறைக்கு ஆளானவர்களும் ஸ்ட்ரெயிட் ஜாக்கெட்டிலிருந்து தொடங்காமல், தாமே அவிழ்த்துக்கொள்ளக் கூடிய ஒரு மணிக்கட்டு வாரிலிருந்து தொடங்கலாம்.

இது சட்டப்படி குற்றமா?

நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில், 18 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் சம்மதித்து ஏற்றுக்கொண்ட தீங்கு, மரணத்தையோ கொடுங்காயத்தையோ விளைவிக்கும் நோக்கமும் அதற்கான சாத்தியம் பற்றிய அறிவும் இன்றிச் செய்யப்பட்டிருந்தால், அத்தீங்கின் காரணமாக அச்செயல் குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-ஆம் பிரிவு சொல்கிறது. இது பழைய தண்டனைச் சட்டத்தின் 87-ஆம் பிரிவேதான். பொழுதுபோக்குக்காக வாள்வீச்சில் ஈடுபட ஒத்துக்கொண்ட இருவரை அச்சட்டம் எடுத்துக்காட்டாகத் தருகிறது. விளையாட்டின் ஒழுங்குக்குள் நேரும் காயத்துக்கு இருவரும் சம்மதித்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் அச்சத்தாலோ தவறான புரிதலாலோ தந்த சம்மதம் 28-ஆம் பிரிவின்படி சம்மதமே அல்ல; சம்மதம் விலகிய பின்னும் அவிழ்க்காமல் வைத்திருந்தால் 127-ஆம் பிரிவின் முறையற்ற அடைப்புக் குற்றம் எழும். அனுமதியின்றி அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி தனிக் குற்றம். வயது வந்தவர்கள் மனமொத்துக் கொள்ளும் தன்பால் உறவு உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்குப் பின் இந்தியாவில் குற்றமில்லை. இலங்கையின் தண்டனைச் சட்டக் கோவையில் தன்பால் உறவைக் குற்றமாக்கும் 365அ பிரிவு இன்னும் நீக்கப்படாமல் இருப்பதால் அங்குள்ள ஒரே பாலின நண்பர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. தங்களுக்குள் மனமொத்துச் செய்த செயல்களின் ஒளிநாடா காவல்துறையிடம் சிக்கியதில் தொடங்கிய வழக்கில், உடற்காயம் விளைந்தால் சம்மதம் காப்பாகாது என்று அப்போது உச்ச நீதிமன்றமாகவும் செயல்பட்ட பிரபுக்கள் சபை 1993-இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 1997-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. 2021-இல் குடும்ப வன்முறைச் சட்டம் அந்த நிலைப்பாட்டை எழுத்திலேயே உறுதிப்படுத்திவிட்டது. கட்டுவது அங்கே தானாகக் குற்றமாகிவிடாது; காயம் பட்டால் "அவர்தான் கேட்டார்" என்ற பதில் நீதிமன்றத்தில் எடுபடாது. லண்டனில் இருக்கும் தமிழ் நண்பர்கள் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

அவிழ்த்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

மெதுவாக அவிழ்க்க வேண்டும். நெடுநேரம் பின்னால் இருந்த கைகளைச் சட்டென்று முன்னால் கொண்டுவந்தால் தோள் கடுமையாக வலிக்கும். கட்டுபவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். எழுந்து நிற்கும் முன் உட்கார்ந்திருக்கட்டும். தண்ணீர், போர்வை, கொஞ்சம் இனிப்பு. ஓரிரு நாள் கழித்துக் காரணமில்லாத சோர்வோ அழுகையோ வருவது பலருக்கு உண்டு, கட்டியவருக்கும்கூட. மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பை இருவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளலாம்.

மரத்துப்போனது சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

அரை மணி நேரத்தில் உணர்வு திரும்பவில்லை என்றாலோ, மணிக்கட்டோ பாதமோ தொங்கினாலோ அன்றே போக வேண்டும். மூச்சுத் திணறல், மார்பு வலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது, காபி நிறத்தில் சிறுநீர் போவது ஆகிய எதற்கும் இரவானாலும் காத்திருக்கக் கூடாது. வெட்கத்தில் "தூக்கத்தில் கையை மடக்கிப் படுத்துவிட்டேன்" என்று சொன்னால், அதற்கேற்ற சிகிச்சையைத்தான் மருத்துவர் யோசிப்பார். யார், எதற்காக என்பதை அவர் கேட்டாலொழிய விரிக்க வேண்டியதில்லை. "அகலமான வாரால் மேற்கையை இத்தனை நிமிடம் கட்டியிருந்தது, கை பின்பக்கம் இருந்தது, இத்தனை மணிக்கு அவிழ்த்தோம், அப்போதிலிருந்து மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை" என்ற அளவு போதும். காயம் வேறொருவரால் நேர்ந்தது என்று தெரிந்தால் மருத்துவமனை அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கும் வழக்கம் இந்தியாவில் உண்டு. அப்போது கட்டுண்டவர், இது தம் முழுச் சம்மதத்தோடு நடந்தது என்பதைத் தம் வாயால், தனியாக, எவரும் உடன் நிற்காமல் சொல்வதே நண்பருக்கும் நல்லது. முன்பு எழுதி வைத்த தாள் பத்திரமாக இருந்தால் அதையும் காட்டலாம்.